இருபத்து மூன்று சென்டிமீட்டர்

தார்த்து பல்கலைக்கழகத்தில் என் வேலை எண்ணுவது.
யார் யாரை எத்தனை முறை சொன்னார்கள்,
யார் யாரோடு சேர்ந்து எழுதினார்கள்.
பிப்ரவரியில் என்னைக் கண்டால் பேராசிரியர்கள்
லிஃப்டை விட்டுப் படியேறுவார்கள்.

விர்வே மட்டும் லிஃப்டிலேயே வருவாள்.
பூட்ஸில் உப்புக்கறை, கக்கத்தில் தெர்மாஸ்.
ஏரிப் பனிக்கட்டியில் இருபத்தாறு வருடம்.
எச் குறியீடு: நான்கு.

அடுத்த அறைக்காரருக்கு அறுபத்தொன்று.
அவர் கட்டுரை ஒன்றில் எழுநூறு பெயர்கள்,
பக்கத்து இலைக்காரர் யாரென்றே தெரியாத
கல்யாணப் பந்தி.

விர்வேயின் பெரிய கட்டுரைக்குப் பதினொரு மேற்கோள்.
ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன்.
அது என் வேலை இல்லை.
ஐந்து, அவளே அவளைச் சொன்னது.
மூன்றில், இன்னும் எட்டுப் பேரோடு
அடைப்புக்குறிக்குள் நெருக்கியடித்து நிற்கிறாள்.
ஒன்றில் பெயரே பிழை.
ஒன்று, அவள் சொன்னது தவறு என்று சொல்ல.
மிச்சம் ஒன்று. ஊலு நகரத்தில் யாரோ
முழுக்கப் படித்திருக்கிறார்.
மூன்றாம் அட்டவணையில்
ஜனவரி இரண்டு முறை வருவதை
அவர்தான் கண்டுபிடித்தார்.

பிறகு கூட்டுழைப்பு வரைபடம்.
மற்றவர்களுக்குக் கலைந்த நூல்கண்டு போலக் கோடுகள்.
அவளுக்கு ஒரு புள்ளி, ஒரு கோடு, இன்னொரு புள்ளி.
அந்தப் புள்ளியின் பெயர் கலிஸ்த்ராத்.
நிறுவனம்: காலி.
மென்பொருள் சிவப்பில் கேட்டது,
இவர் எங்கே இருக்கிறார்?

ஏரியில், என்றாள் விர்வே.
போன் எடுக்கமாட்டான்.
கையெழுத்து வேண்டுமென்றால் நீயே போ.

பெய்ப்ஸி ஏரி உறைந்து கிடந்தது.
தீவுக்குப் போகும் பனிப்பாதையின் வாயிலில்
சாக்கட்டியால் எழுதிய பலகை:
இன்று தடிமன் 23.
வழியில் நிற்காதே.
வார் அணியாதே.

வார் அணிந்தால், உடைகிற நேரத்தில்
வெளியே வர முடியாது.
காவலாளி என் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு
சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.
பிளாஸ்டிக் உறை, மஞ்சளித்த ஓரம்.
மூன்றாம் அட்டவணை.
இரண்டாவது ஜனவரியைப் பேனாவால் அடித்திருந்தது.
எழுதியவர் பெயர் எங்கும் இல்லை.
போகலாம், என்றான்.
காலையிலிருந்து பதினெட்டு வண்டி போயிருக்கிறது.
பழக்க தோஷம், மனசுக்குள் கூட்டினேன்:
பதினொன்றும் பதினெட்டும்.

வாரைக் கழற்றியதும் கார் கீச்சிடத் தொடங்கியது,
வழி முழுக்க நிறுத்தவில்லை.
எனக்கு முன்னே தபால் வேன்,
அதற்கு முன்னே கேஸ் சிலிண்டர் லாரி.
நடு ஏரியில், காலுக்குக் கீழே, ஏதோ முறிந்தது.
தாக்கம் என்ற சொல்லை
நாளுக்கு நாற்பது தடவை தட்டச்சு செய்கிறேன்.
அதற்கு ஒரு சத்தம் உண்டென்று
எனக்குத் தெரியாது.

கலிஸ்த்ராத் துளையருகே மண்டியிட்டிருந்தான்.
தாடியில் பனி. கையில் கீறல் போட்ட கோல்.
பள்ளிக்கூட நோட்டில் அன்றைய எண்ணை எழுதினான்,
முப்பத்தோராவது குளிர்காலம்,
மீன் செதில் ஒட்டிய பக்கம்.
அந்தக் கட்டுரை, என்று இழுத்தான்.
எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்?
பதினொன்று, என்றேன், கொஞ்சம் கூச்சமாக.
பதினொன்றா!
இந்தக் குளிரில் தீவில் இருப்பதே நாற்பது பேர்,
அதில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை.

படிவத்தில் நிறுவனம் என்ற இடத்தில்
தன் படகின் பதிவு எண்ணை எழுதினான்.
போகும்போது ஒரு சரம் வெங்காயம் விற்றான்.
விலையில் ஒரு சென்ட் குறைக்கவில்லை.

வெயில் ஏறியிருந்தது.
நான் கரை ஏறியபோது காவலாளி
23ஐக் கையுறையால் துடைத்து
22 என்று எழுதிக்கொண்டிருந்தான்.

படகு எண்ணை மென்பொருள் ஏற்கவில்லை.
இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.
பெட்ரோலுக்குக் கணக்குக் காட்டினேன்,
வெங்காயத்துக்கு இல்லை.
மறுநாள் லிஃப்டெல்லாம் அந்த வாசனை.
உள்ளே வந்த விர்வே மூக்கை உறிஞ்சினாள்,
எத்தனை கொடுத்தாய், என்றாள்.
சொன்னேன். அதிகம், என்றாள்.

குறியீட்டை
நான்கு என்றே அனுப்பினேன்.