தோன்றா எழுவாய்

இர்யா லாம்பினென் இறந்த செய்தி
இரவு பதினொன்று இருபதுக்கு என் மேசைக்கு வந்தது.
துலூத்தில் பிப்ரவரி.
ஏரி உறைந்து, தாதுக் கப்பல்கள் முடங்கி,
தூக்குப் பாலம் யாருக்காகவும் தூக்காத மாதம்.
எட்டு அங்குலம் ஒதுக்கியிருந்தோம்.
ஆறு போதும் என்றான் பக்கம் கட்டுபவன்.
டயர் விளம்பரம் ஒன்று கடைசியில் வந்திருந்தது.

இருந்திருந்தால் அளந்திருப்பார்.

துறைமுகக் கிடங்கின் முத்திரை தேய்ந்த
எஃகு அளவுகோல் ஒன்று வைத்திருந்தார்.
சுரங்கக் கூரை சரிந்த மறுநாள்
செத்த ஏழு பேருக்கு நாலரை அங்குலம்,
அதே பக்கத்தில் கம்பெனியின் கிறிஸ்துமஸ் வாழ்த்து
பதினெட்டு.
கருத்து எதுவும் எழுதவில்லை.
இரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு
அடியில் ஒரு கோடு கிழித்தார்.
ஊர் கணக்குப் போட்டுக்கொண்டது.

வியாழன்தோறும்
எங்கள் தாளிலேயே எங்களைக் காய்ச்சும் பத்தி.
"கூரை சரிந்தது என்கிறீர்கள்.
கூரைக்கு யார்மேல் கோபம்?
முட்டுக் கம்பங்களை உருவச் சொன்னது எந்த வாய்?
எழுவாய் எங்கே?"
அதே கேள்வியை மாடிப்படியில் கேட்பார்,
காப்பி இயந்திரத்தருகே கேட்பார்,
என் கல்யாண விருந்தில், வாயில் கேக்கோடு,
மேயரின் வாழ்த்துரைக்கு நடுவே கேட்டார்.

புனிதர் இல்லை.
இழுவைப் படகு ஒன்று மூழ்கிய இரவில்
அவசரத்தில் ஒரு பெயரை மாற்றிப் போட்டு
உயிரோடிருந்த ஆர்னே வீட்டில் அழுகுரல் எழவைத்தவர்.
மறுநாள் வெளியான இரண்டு வரித் திருத்தம்
அவர் பர்சிலேயே பழுத்தது.
பேருந்துக்குச் சில்லறை எடுக்கும்போதெல்லாம்
அதுதான் முதலில் வெளியே வரும்.

பிறகு அந்தப் பத்தி நிறுத்தப்பட்டது.

லுத்தரன் சர்ச்சின் நிலவறையில்
பழைய படியெடுப்பு இயந்திரம், மை ஒழுகும் உருளை,
நான்கு பக்கம், முந்நூற்றுப் பன்னிரண்டு உறைகள்.
நாக்கால் நனைத்தே தபால்தலை ஒட்டினாராம்.
என் மனைவி பெயரில் சந்தா கட்டினேன்.
உறை என் பெயருக்கே வந்தது,
பதினாலு வருடமும்.

நள்ளிரவுக்கு நான் எழுதிமுடித்த இரங்கலில்
ஒரு வரி:
"நீண்ட பணிக்குப் பின் அவர் விடுவிக்கப்பட்டார்."
கூண்டுப் பறவையா அவர்?
அச்சான பிறகுதான் உறைத்தது.
அச்சாகும் முன்பே உறைத்தது. பொய் எதற்கு.

காலை ஏழு மணிக்குத் தொலைபேசி தொடங்கியது.
பால் வண்டி ஓட்டும் டெல்மர்.
ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவர், மூச்சிரைக்க.
பெயர் சொல்லாத ஒரு பெண்.
ஹெர்மன்டவுன் பள்ளியிலிருந்து ஒரு வகுப்பே,
ஒலிபெருக்கியில், சேர்ந்து.
யாரும் வணக்கம் சொல்லவில்லை.
எல்லோருக்கும் இருந்தது ஒரே கேள்வி.

மண் இறுகிக் கிடந்ததால்
பெட்டியை வசந்தம்வரை கல்லறைக் கொட்டகையில் வைத்தார்கள்.
"கடைசி நாளில் நீ எழுவாய்" என்றார் பாதிரியார்.
முன்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.
பின்வரிசைக்கும் அது பரவியது.
பாதிரியார் புரியாமல்
தன் அங்கியைச் சரிசெய்துகொண்டார்.
நான் மட்டும் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை, இரண்டாம் பக்கம், கீழ்மூலை:

*திருத்தம்.
இர்யா லாம்பினெனின் பத்தியை
நிறுத்தச் சொன்னது சுரங்கக் கம்பெனி.
நிறுத்தியது இரவு ஆசிரியர் வெர்னன் ஸ்கோக்ஸ்டாட்.
இதை எழுதுவதும் அவரே.*

அளந்து பார்த்தேன். ஒன்றேகால் அங்குலம்.
பக்கத்திலேயே டயர் விளம்பரம்,
முழு உயரத்துக்கு.