ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னேன்

இரவு முழுக்க மழை.
கல்லோயாவில் ரயில் காரணமில்லாமல் நின்றபோது
தேநீர் விற்கிறவன்
என் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் விலை சொன்னான்.
தமிழில் வாங்கினேன்.
மிச்சக் காசையும் ஆங்கிலத்திலேயே எண்ணித் தந்தான்.

மார்கழியில் வந்தது என் பிழை.
வாடைக்காற்று. கடல் சாம்பல்.
ஸ்டவாங்கரில் இருபத்திரண்டு வருடமாக
நீலம், நீலம் என்று சொல்லி வந்திருக்கிறேன்.
கூட வேலை செய்யும் ஒருத்தி அதை நம்பி
ஆவணியில் நிலாவெளிக்கு வந்து
படமும் அனுப்பினாள்.
நீலமாகத்தான் இருந்தது.

விடுதியில் ஒரு படிவம்.
பிறந்த இடம்: திருகோணமலை.
வருகையின் நோக்கம்:
உல்லாசம், வியாபாரம், ஏனையவை.
ஏனையவைக்கு நேரே விட்டிருந்த இடம்
ஒரு விரல் நீளம்.
பேனையோடு நின்றேன்.
"சும்மா உல்லாசம் எண்டு போடுங்கோ அண்ணை"
என்றான் வரவேற்பில் நின்ற பெடியன்.
போட்டேன்.

உவர்மலைக்கு ஆட்டோ அறுநூறு.
பேச்சில் கொஞ்சம் ஊரைக் கலந்து பேரம் பேசினேன்.
ஐம்பது குறைத்தான்.
இந்த ஊரில் எனக்கிருக்கும் உரிமையின்
இன்றைய விலை.

பஸ் நிலையத்தடியில், நடுவீதியில்,
பொலித்தீன் பையை மென்றபடி ஒரு புள்ளிமான்.
ஆட்டோக்காரன் ஹோர்ன் அடிக்கவில்லை.
அது நகரும்வரை இருந்தான்.
இதே இடத்தில் நாங்கள் காத்திருந்திருக்கிறோம்,
அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு,
இவ்வளவு சாவகாசமாக அல்ல.

வீட்டு மதிலில் பலகை:
சாதாரண தரக் கணிதம், மாலை வகுப்பு.
அப்பாவின் கட்டில் கிடந்த அறையில்
வெண்பலகை, இருபது கதிரை, டியூப் லைட்.
ஜன்னலோரத்துப் பிள்ளை ஒருத்தி
கொப்பியை மறந்து வெளியே பார்த்தாள்.
என்னை அல்ல.
என்னைத் தாண்டி, சந்தியைத் தாண்டி.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.
அந்த ஜன்னலில் இருந்துதான்
எப்படியாவது போய்விட வேண்டும் என்று நினைத்தேன்.
ஷெல்லுக்குப் பயந்தல்ல.
அதுவும் இருந்தது, பொய்யில்லை.
ஆனால் அதற்கு முன்பே
நாலு மணிப் புழுக்கமும்
எந்த வீட்டில் என்ன கறி என்று தெரிந்த தெருவும்
என் புள்ளிகளை எனக்கு முன்பே அறிந்துவிடும்
இரத்தினேஸ்வரி அக்காவும்
போதும் போதும் என்றாகியிருந்தது.

சண்டை என்றதும்
எல்லோரும் தலையசைத்தார்கள்,
சட்டத்தரணி, குடிவரவு அதிகாரி,
பிறகு பல் வைத்தியர்கூட.
சலிப்புக்கு எந்த நாடும் விசா தருவதில்லை.
என் வகுப்பில் ஏழு பேர் இல்லை.
அவர்களுடைய வரிசையில் நின்று
நானும் ஒரு துண்டு வாங்கினேன்.
இதை இதுவரை
ஒருவருக்கும் சொன்னதில்லை.

மழை மறுபடி பிடித்தது.
மத்திய வீதியில் குடை வாங்க ஒதுங்கிய கடையில்
கல்லாவில் இருந்தவன் நிமிர்ந்தான்.
"டேய், சோடாப்புட்டி!"

ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பெயரை வைத்தவனே இவன்தான்.
அதை உதறத்தான்
முதல் சேமிப்பில் கண்ணுக்கு லேசர் செய்தேன்.
இருபது வருடமாக இந்த முகத்தில் கண்ணாடி இல்லை.
எதைப் பார்த்துப் பிடித்தான்?
அதைவிட வெட்கம்,
என்னைக் கேட்காமலே என் வாய் சிரித்துவிட்டது.

நஜிமுதீன் குடைக்குக் காசு வாங்கவில்லை.
"எப்ப வந்த மச்சான்?"
காலமை என்றேன்.
மூச்சு விடாமல் அடுத்தது:
"எப்ப போற?"

டிக்கெட் வெள்ளி இரவு ரயிலுக்கு.
ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னேன்.
இல்லாத இரண்டு நாளை
எங்கிருந்து எடுத்தேனோ.
"அப்ப சனிக்கிழமை பகல் சோறு எங்கட வீட்ட."

வெளியே வந்து குடையை விரித்தேன்.
ஒரு கம்பி வளைந்திருந்தது.
"மாத்தித் தரட்டா?" என்று கத்தினான்.
வேண்டாம் என்று கை காட்டினேன்,
ஒரு தோள் நனைய நனைய.