ஐந்தாவது நிமிடம்

டிவியில் அதற்கு நாலே நிமிடம்.
வெள்ளிக்கிழமை ஒன்பதரை.
கதவு தட்டும், கணக்குப் பேய் நுழையும்,
"அசல் இருக்கட்டும், வட்டியை எடு" என்று
கழன்ற கையை நீட்டும்.
நான் பொத்தானை அழுத்துவேன். சிரிப்பு. இருட்டு.

சிரிப்பு, விலைக்கு வாங்கிய தட்டு.
கடைசியில் ஒரு பெண் இருமுவாள்.
மூன்று வருஷமாய் அந்தக் கூட்டத்தில்
எனக்குத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

படமாக்கினார்கள். இரண்டு மணி நேரம்.
பள்ளத்தூரில் வீடு, நாள் வாடகை,
கூடவே ஒரு நிபந்தனை:
மேல்மாடியைத் திறக்கக் கூடாது.

முதல் ஷாட்டில் நாலு நிமிடம் முடிந்தது.
இருட்டு வரவில்லை.
படி முடிந்த பிறகும்
இன்னொரு படியைக் கால் தேடுகிறவன் மாதிரி
பேய் தடுமாறி நின்றது.
"கட்" என்றார் திருநாவு. நகரவில்லை.
"குணாளா, போதும்ப்பா."

குணாளன் வாசல் வழியே வந்தான்,
கையில் கந்தரப்பப் பொட்டலம், மேக்கப் இல்லை.
"ஸாரி சார், காரைக்குடி பஸ் லேட்."

யாரும் கத்தவில்லை.
புரொடக்‌ஷன் மேனேஜர் மட்டும் கேட்டார்:
"அப்ப இவருக்கு பேட்டா யார் கணக்கு?"

பேய் பேரேட்டைப் பிரித்தது.
வாராவாரம் நாங்கள் வெட்டிய மிச்ச நிமிடங்கள்
தேதி போட்டு, வட்டி சேர்த்து.
"அசல் இருக்கட்டும்" என்றது என்னைப் பார்த்து.
கை கழன்று
ஆத்தங்குடிக் கல்லில் டொக்கென்று விழுந்தது.

பழக்கதோஷம், என் விரல் பொத்தானைத் தேடியது.
பொத்தான் சென்னையில்.

ஹெட்போனில்
மேல்மாடி சிரித்தது.
கடைசியில் அவள் இருமினாள்.
இருமல் கொஞ்சம் முற்றியிருந்தது.