கால் போத்தல் மண்ணெண்ணெய்

மல்லாவியில் அந்த வருசம்
மண்ணெண்ணெய்க்கு ஏங்கினவை மூன்று:
சந்தி மில்காரனின் இயந்திரம்,
என் ஜாம் போத்தல் விளக்கு,
ஆய்வுகூடத்து இரண்டாம் தட்டில்
கபிலநிறப் போத்தலுக்குள் கிடந்த சோடியம்.

ஆய்வுகூடம் என்றால்
கிடுகுக் கொட்டில், மேலே தறப்பாள்,
பாலைப் பலகையில் ஒரு நீட்டு மேசை.
உதவியாளர் புஸ்பகாந்தி, அது நான்.
பதிவேட்டில் 'தற்காலிகம்' என்றிருக்கும்.
நிரந்தரம் என்று எழுதின எதையும்
அந்தப் பக்கம் நான் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமைகளில்
போத்தலை வெளிச்சத்துக்குப் பிடிப்பேன்.
வவுனிக்குளத்து எருமை
முதுகு மட்டும் தெரியக் கிடக்கும்.
இது அப்படிக் கிடக்கக்கூடாது.
காற்றுப் பட்டால் வெள்ளைத் தோல் படரும்.
தண்ணீர் பட்டால்
சிவப்பு வாளியைப் பாருங்கள்:
உள்ளே நிரம்பக் காய்ந்த மணல்,
வெளியே என் கையெழுத்து,
"நெருப்பெண்டாலும் தண்ணி ஊத்தாதேங்கோ."

சங்கக்கடையில் கூப்பனுக்குக் கால் போத்தல்.
மகளுக்குக் காய்ச்சல் கொதித்த இரவு
விளக்கு மூன்று தரம் சிமிட்டி அணைந்தது.
"பள்ளிக்கூடப் போத்தலில கிடக்குத்தானே,
ஒரு சிரட்டை ஊத்திக்கொண்டு வாவன்"
என்றார் அவர்.
சோடியம் ஊறின எண்ணெய், விளக்குக்கு ஆகாது என்றேன்.
பாதி உண்மை.
மற்றப் பாதி பிடிவாதம்.
இருட்டில் நெற்றியைத் தடவித் தடவி
காய்ச்சலை விரலால் அளந்தேன்.
அடுத்த கூப்பனில்
மகளின் விளக்குக்குத்தான் சின்னப் பங்கு.
இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

கார்த்திகை மழை
நடுச்சாமத்தில் பிடித்தது.
தறப்பாளின் கிழிசல் எந்தத் தட்டுக்கு நேரே என்று
எனக்குத் தெரியும்.
ஓடினேன்.
வந்து சேர்ந்தபோது
தலைமயிரில் தண்ணீர், விரல் நுனியில் தண்ணீர்,
குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீர்.
போத்தலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன்.
அன்றிரவு அந்தக் கொட்டிலில்
ஆகவும் ஆபத்தான பொருள்
நான்தான்.

காய்ந்த சாக்கொன்றைத் தேடி
கையைத் துடைத்து, முழங்கை வரை துடைத்து,
கூந்தலை முடிந்து சாக்காலேயே கட்டி,
சோக்குத் தூளைக் கையில் பூசி,
பிறகுதான் தொட்டேன்.
லக்ஸ்பிறே ரின்னில் மணல்,
மணலுக்குள் போத்தல்,
மூடிக்குச் சைக்கிள் ரியூப் வளையம்.
விடியும் வரை அதன் பக்கத்தில் இருக்கவில்லை.
வாசலில், தூவானத்தில் இருந்தேன்.

அடுத்த புதன்கிழமை செய்முறை.
பதினாலு பிள்ளைகள்.
கண்ணாடி ஒன்றுதான், சணல் கட்டினது,
அதைத் திருச்செந்தூரன் சேர் போட்டார்.
மற்றவை நாலு அடி தள்ளி.
ஈரமில்லாத இடுக்கி, ஈரமில்லாத கத்தி,
வடிதாளில் எண்ணெயை ஒற்றி
பயறளவு வெட்டினார்.
"இதிலும் பாதி போதும்" என்றேன் நான்.
திரும்பிப் பார்த்தார்.
பாதியாக்கினார்.

வெட்டின முகம்
புதுக் கரண்டி போல மினுங்கி
ஒரு மூச்சுக்குள் மங்கிப்போனது.

தாழியில் தண்ணீர், இரண்டு சொட்டு பினோத்தலின்.
விட்டதும் உருண்டு மணியாகி
விறுவிறென்று ஓடியது,
பின்னால் ஒரு ரோசா நிற வால்.
ஓரத்தில் முட்டி நின்று
டப்.

நிமிர்ந்து நின்றது சேர் மட்டும்தான், இடுக்கியோடு.
பதினாலு வாங்குகளும் வெறுமை.
மேசைக்கு அடியில்
பதினாலு தலைகள், காதைப் பொத்தின கைகள்,
பதினைந்தாவதாய் நானும்.

கொஞ்ச நேரம் மழைக்கோழி மட்டும் கத்தியது.
பிறகு கீழேயிருந்து கோணேசலிங்கத்தின் குரல்:
"சேர், உது எங்கட சத்தமோ?"
"ஓம்" என்றார் சேர்,
"ஐதரசன்."

முதலில் ஆர் சிரித்தது என்று தெரியாது.
ஒவ்வொன்றாய் எழும்பி வந்து பார்த்தார்கள்,
தண்ணீர் முழுக்க ரோசா நிறம்,
ஒன்றும் நடக்காததுபோல.
யசிந்தா மட்டும் வரவில்லை.
அவளைக் கூப்பிடவும் இல்லை.

வெட்டின ஓரங்களை எண்ணெய்க்குள் திரும்ப இட்டு,
கத்தியைக் காய்ந்த துணியால் துடைத்து,
இருப்புப் பதிவேட்டில் எழுதினேன்:
சோடியம், முப்பத்தெட்டுக் கிராம்.
எண்ணெய், ஒரு விரல் குறைவு.
வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள்.