மாங்குளம் சந்தி, இரவு பத்தரை

பழுதான அம்ப்ளிஃபயரின் மூடியில்
சோக்கால் எழுதுகிறேன்.
பேஸ் கிற்றார்: றெஜினோல்ட் செபமாலை.
எழுபத்தொன்பதில் ஒரேயொரு டிஸ்கோ இசைத்தட்டு,
இப்போது முறிகண்டியில்
கச்சான் கடைக்குக் கணக்கெழுதுகிறார்.
அவருக்குப் பக்கத்தில்
போனிலேயே பீட் செய்யும்
கனகராயன்குளத்துச் சுகிர்தன்.
இருவருக்கும் ஒத்துவராது.
அதற்காகத்தான்.

குரல், பெர்னடேற்.
வேறு ஆளே இல்லை.
சில்லுச் சில்லாய் மினுங்கும் சட்டையில்
‘ஆடு’ என்ற ஒற்றைச் சொல்லைப்
பதினாறு தரம்
பதினாறு விதமாய்ப் பாடினவ.

நம்பர் கிடைத்தது.
புளியங்குளத்தில் கோழி வளர்க்கிறா.
“பாடுவன் தம்பி.
கரண்ட் நிக்காத நாளாய்ப் பாரும்.
முழங்கால் மட்டும் ஆடாது எண்டு
அந்தப் பெடியனுக்குச் சொல்லிவையும்.”

பிறகு போனை வைக்காமலே
எதையோ தேடினா.
தீவன வாளியின் மூடியாக இருக்கவேணும்.
டக். டக்டக். டக்.
அந்த இசைத்தட்டின் அதே வேகம்,
ஒரு மயிரிழை பிசகவில்லை.

நித்திரையில் கிடந்த கோழிகள் கத்தின.
நான் ‘கோரஸ்’ என்று எழுதிவிட்டு
ஏ9இல் ஹோர்ன் அடித்துப்போன லொறியைத்
தூஷணத்தால் ஏசினேன்,
அரைத் தாளம் பிந்தி வந்ததற்கு.