மூக்கொழுகி

பெர்கனில் மழை நின்ற நாளை
நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்போம்.
அன்று வட்டம் இல்லை.

துறைமுக மதுக்கடையின் நிலவறையில்
முப்பத்தொரு நாற்காலி, பத்தொன்பது பேர்,
நனைந்த கோட்டுகளின் நாய் வாசம்.
ஒலிப்பெட்டிக்குப் பின்னால் நான்.
மைக்கைத் திறப்பதும் மூடுவதும் சம்பள வேலை.
சம்பளமில்லாத வேலை ஒன்றும் உண்டு:
பகடிக்கும் சிரிப்புக்கும் நடுவே
எத்தனை நொடி என்று எண்ணுவது.
அரை நொடி என்றால் பிழைத்தார்கள்.
மூன்று என்றால்
மாடியில் கோப்பை கழுவுவது கேட்கும்.

செவ்வாய்க்கிழமை மேடை விஞ்ஞானிகளுக்கு.
போன வாரம் ஒரு கணிதக்காரர்
முடிவிலியைப் பற்றிப் பேசினார்.
முடிக்கவே இல்லை.

இன்று ரான்வெய்க். கடலுயிர் ஆய்வகம்.
கையில் நீல வாளி, மேலே ஈரத்துண்டு.
"மீன் ஆய்வகத்தில் தூங்குகிறது,
அதன் அபிப்பிராயத்தை மட்டும்
கொண்டு வந்திருக்கிறேன்" என்றாள்.
ஒருவர் சிரித்தார். அவள் தம்பி.

"இதற்குத் தாடை இல்லை, செதில் இல்லை.
மண்டையோடு உண்டு, முதுகெலும்பு கிடையாது.
எங்கள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தால்
இந்நேரம் துறைத்தலைவர்."

ஒன்று.
இரண்டு.
யாரோ இருமினார்கள்.
மூன்று.
மாடியில் கோப்பைகள்.

பதற்றத்தில் அவள் செய்யக்கூடாததைச் செய்தாள்:
முதுகெலும்பு என்றால் என்னவென்று
விளக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒட்வார்,
முப்பது வருஷம் இழுவைப்படகில் இருந்தவர்:
"அட, நம்ம மூக்கொழுகி!
என் வலையை நாசம் பண்ணின சனியன்!"

ரான்வெய்க் தாளை மடித்துப் பையில் வைத்தாள்.
"அதற்கு இதயம் எத்தனை தெரியுமா உங்களுக்கு?"
"தெரியாது."
"நாலு."
"எனக்கு ஒண்ணுதான். அதுவே தகராறு."

நான் எண்ணத் தொடங்குவதற்குள் அறை வெடித்தது.

வாளிக்குள் கையை விட்டு உயர்த்தினாள்.
கண்ணாடித் திரைபோல் எழுந்தது,
கிழியாமல், சொட்டாமல்,
முழங்கைவரை ஒரு ஜன்னல் தொங்கியது.
முன்வரிசை நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன.
"பாம்புக்குத் தலை, மீனுக்கு வால் காட்டுவது விலாங்கு.
இது யார் வந்தாலும் சளியைக் காட்டும்.
சுறா கடிக்க வாய் திறக்கும்.
அரை நொடி.
செவுள் முழுக்கக் கஞ்சி.
அந்தச் சுறாவின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்,
சம்பந்தி வீட்டில் பாயசம் குடித்த முகம்."

"அது சரி பொண்ணே," ஒட்வார் எழுந்து நின்றார்,
"அவ்வளவு சளியில்
அதுவே மூச்சு முட்டிச் சாகாதா?"

அறை அமைதியானது.
இந்த அமைதியை எண்ணத் தோன்றவில்லை எனக்கு.
பத்தொன்பது பேருக்கும் பதில் தேவைப்பட்டது.

கழுத்துத்துணியை உருவினாள்.
வால் பக்கம் ஒரு முடிச்சு.
முடிச்சைத் தலைநோக்கித் தள்ளினாள்:
"இப்படித்தான் தன்னையே வழித்துக்கொள்ளும்."
துணி பாதியில் சிக்கியது.

"முடிச்சா இது?" என்று மேடையேறி வந்தார் ஒட்வார்.
பெரிய விரல்கள், ஒரு நகம் இல்லை.
அவர் போட்ட முடிச்சு
துணி நெடுக வழுக்கிக்கொண்டு போய்
முனையில் அவிழ்ந்து மறைந்தது.
கை தட்டினார்கள்.
"முடியவில்லை," என்றாள் ரான்வெய்க்,
"மூக்குத்துளை ஒன்றுதான், அதிலும் சளி.
கடைசியாக அது என்ன செய்யும்?"

ஒட்வார் யோசித்தார்.
மைக்கைப் பிடுங்கித் தும்மினார்.

என் பெட்டியில் முள் சிவப்பைத் தாண்டிப் படுத்தது.
"அதேதான்!" என்று அவள் கத்தியதை
முன்வரிசைகூடக் கேட்டிருக்காது.

எல்லோரும் போன பிறகு
மாடியில் ஒரு பல் மருத்துவர்
சார்ஜர் ஒயரில் முடிச்சை நகர்த்திக்கொண்டிருந்தார்.
ஒட்வார் பீர்க் கோப்பையில்
கொஞ்சம் சளி வாங்கிப் போனார், அக்காவிடம் காட்ட.
மேடையில் மிச்சத்தை நான் துடைக்க வேண்டும்.
வாளித் தண்ணீரைக் கவிழ்த்துத் தேய்த்தேன்.
அது பெருகியது.
தண்ணீர் பட்டால் பெருகும் என்று
இரண்டாம் நிமிடத்திலேயே சொன்னாளாம்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.