காற்று வாங்குதல்

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் கட்டடத்து வாசலில்
ஒரு தகரப் பெட்டி. நகரசபை வைத்தது.
கூரையில் குழாய்,
அதன் தலையில் கவிழ்த்த தொப்பி.
இரவு பகலாய் உள்ளுக்கு மட்டும் மூச்சிழுக்கும்.
வெளியே விட்டதை நான் கண்டதில்லை.

புதன்கிழமைகளில் ப்ரைட்லிங் வருவார்.
இடுக்கியால் வட்டத்தாள் ஒன்றை
பக்குவமாய் வெளியே எடுப்பார்.
வைத்தபோது வெள்ளை.
இப்போது உளுந்துக் கோது நிறம்.
"நல்ல அறுவடை" என்று ஒருமுறை பகிடி விட்டார்.
நானும் சிரித்துவிட்டேன்.

எங்கள் யன்னல் அந்தக் குழாய்க்கு நேர் மேலே.
கீழே ஆறு வரிசை வாகனம்.
பதினாறு வருஷம்.

டாக்டர் கெஸ்லர் வரிசையாய்க் கேட்டார்.
அம்மாவுக்கு இருந்ததா?
இல்லை.
அப்பாவுக்கு?
சீனி வருகிற வயதுவரை அவரை விடவில்லை.
சோறு எத்தனை நேரம்?
ஒரு நேரம்.
தேநீருக்கு?
அரைக் கரண்டி. சரி, ஒன்று.
நடப்பீர்களா?
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
எட்டு மணித்தியாலம் நின்று
போர்வை மடிக்கிறவளிடம் அந்தக் கேள்வி.

யன்னலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
நான்தான் கேட்டேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஆட்களைத் திரளாய் எடுத்துப் பார்த்தால்
தொடர்பு தெரிகிறதாம்.
புகையும் தூசும் நெஞ்சோடு நிற்பதில்லை,
இரத்தம் வரைக்கும் போகுமாம்.
"ஆனால் உங்கள் ஒருவரை வைத்து
அப்படிச் சொல்ல முடியாது."

திரளுக்குள் நான் இருக்கிறேன்.
தனியே வந்து கதிரையில் குந்தினால்
இல்லை.

"வெளியே போய் நடவுங்கள், நல்ல காற்றில்."
காற்று வாங்குவது என்போம் எங்கள் பாஷையில்.
வாங்கினால் விலை இருக்கும்தானே.
இவ்வளவு நாளும்
கடனுக்கு வாங்கியிருக்கிறேன்.

இந்தப் புதன் காலை வெறும் வயிறு.
விரல் நுனியில் ஊசி,
கீலத்தில் ஒரு சொட்டு.
எண் வர ஐந்து விநாடி.
கீழே ப்ரைட்லிங் பெட்டியைத் திறக்கிறார்.
அவர் கையில் ஒரு தாள், என் கையில் ஒரு தாள்.
நிமிர்ந்து, வணக்கம் போல இடுக்கியை உயர்த்தினார்.

"இந்த வருஷம் காற்று எப்படி?"
லொறி ஒன்று போய் முடியும்வரை இருவரும் காத்திருந்தோம்.
"வரம்புக்குள்!" என்றார், சந்தோஷமாய்.
மெய்யாகவே சந்தோஷம். அவருக்கும் பிள்ளைகள் உண்டு.
"நீங்கள்?"
எண்ணைப் பார்த்தேன்.
நூற்று எழுபத்தொன்று.
"வரம்புக்கு வெளியே."
அவருக்குக் கேட்கவில்லை. பஸ் ஒன்று.

யன்னலைச் சாத்தினேன்.
விளிம்பில் விரல் பட்ட இடத்தில் கறுப்பு.
ஞாயிறுதான் துடைத்தது.

ஆனால் அடுப்பில் சூடைமீன் குழம்பு.
எவ்வளவு நேரம்தான் சாத்தி வைப்பது?
திறந்தேன்.

பின்னேரம் வேலையால் வர
கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது.
மேல்வீட்டு ஃபிராவ் ஓல்மன், நீல மையில்,
மரியாதையான எழுத்து.
தன் யன்னலைத் திறக்க முடியவில்லையாம்.

ஆறு வரிசை றோட்டுக்கு மேலே வாழ்கிறா,
என்னைவிட நாலு வருஷம் கூட.
அந்தக் காற்றில் அவவுக்கு மணத்தது
என் வெந்தயம் மட்டும்.